காம்பானை இரண்டு முறை கூட்டி வந்தது

காம்பானை முதல் முறை ஊருக்குக் கூட்டி வந்தபோது, நாங் ரோங் ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் அவரை விட்டுவிட்டு வந்துவிட்டோம். வேறு யாராவதாக இருந்தால் அடுத்த பேருந்தைப் பிடித்து வந்து எங்களைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். காம்பானுக்கு அந்த வசதி இல்லை. கடலோர நகரமான சோன்புரியில் கட்டட வேலைக்குப் போன இடத்தில், தகரக் கொட்டகையில் இரவு படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அவருடைய எலும்புகள் வெள்ளைத் துணி சுற்றிய மண்கலயத்தில் பத்திரமாக எங்கள் வண்டியில் வந்து சேர்ந்தன. வராதது அவர் மட்டும்தான்.

எங்கள் சீசாகெட் பக்கத்து ஆண்கள் இப்படித் தூக்கத்தில் போவது புதிதில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஊரிலோ விதவைப் பேய் வந்து தூக்கிக்கொண்டு போனாள் என்பார்கள். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் ஆள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் தூக்கத்தில் போனவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. போனது அவர்களுக்கே தெரியாது. படுத்த இடத்திலேயே, எல்லாரும் ஏன் தன்னிடம் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சொந்தக்காரர் போய், ஊதுவத்தி ஏற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழி நெடுக விவரம் சொல்லிச் சொல்லித்தான் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஊதுவத்தி அணையக் கூடாது. பாலம் வந்தால் பாலம், திருப்பம் வந்தால் திருப்பம் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆள் அங்கேயே நின்றுவிடுவார்.

வண்டி எங்கள் அப்பாவுடைய பிக்கப். ஓட்டியது நான். காம்பானின் பக்கத்து வீட்டுப் பையன். என் பெயர் காப். தவளை என்று அர்த்தம். பிறந்தபோது பார்க்க நன்றாக இருந்தேனாம். பேய்க்கு ஆசை வந்து தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அப்படிப் பெயர் வைத்தார்கள். கல்லூரி இறுதி ஆண்டு வரை வந்துவிட்டேன், எந்தப் பேயும் எட்டிப் பார்க்கவில்லை. பெயர் வேலை செய்கிறது என்கிறாள் அம்மா.

காம்பானின் அண்ணன் தோங்சுக் மாமாவும், காம்பானின் மனைவி புவாரின் அக்காவும் என்னோடு வந்தார்கள். சோன்புரியில் பௌத்த விகாரையில் எரியூட்டலை மேஸ்திரியே முடித்து வைத்திருந்தார். நாங்கள் எலும்பைப் பொறுக்கி வாங்கிக்கொண்டு தகரக் கொட்டகைக்குப் போனோம். கூட வேலை செய்தவர்கள் காம்பானின் பாயைச் சுருட்டாமல் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய மஞ்சள் தொப்பி. தோங்சுக் மாமா மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றி, காதோரம் சொல்கிற குரலில் சொன்னார்:

"எந்திரிடா காம்பானு. வண்டி வந்துருச்சு. வீட்டுக்குப் போலாம்."

கூட இருந்த வேலையாட்கள் வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் தொப்பியை எடுத்து வந்து வண்டியில் வைத்தார்.

தோங்சுக் மாமாவுக்கு எந்த வேலை கொடுத்தாலும் அதில் தேவைக்கு மேல் உழைப்பார். பாலங்களையும் திருப்பங்களையும் மட்டும் சொல்லச் சொன்னால், அவர் சிக்னல், சுங்கச்சாவடி, வேகத்தடை, முன்னால் போகிற பன்றி லாரி எல்லாவற்றையும் தம்பிக்கு அறிவித்துக்கொண்டே வந்தார். மலைப்பாதையில் குரங்குகள் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். நான் குறுக்கு வழியில் திரும்பியபோது, "காப் சொல்ற வழி இது, எனக்கு நம்பிக்கை இல்ல, பாத்துக்க" என்று தம்பியிடம் புகாரும் செய்தார். புவாரின் அக்கா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங் ரோங் தாண்டிய பங்கில் டீசல் போட நிறுத்தினோம். ஓரமாக ஒரு நூடுல்ஸ் கடை. அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். அவரையும் இறங்கச் சொல்லுங்கள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். மாமா முறைப்படி தம்பியை இறங்கச் சொன்னார். மேஜைக்குப் பக்கத்துப் பூந்தொட்டியில் ஊதுவத்தியைக் குத்தி வைத்தார். நான்காவது கிண்ணம் வாங்கிக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தோம். பாதி சாப்பிடும்போது மழை கொட்டத் தொடங்கியது. பம்பை மறித்துக்கொண்டு நிற்கிற பிக்கப்பை எடுக்கச் சொல்லி ஒரு கரும்பு லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். மீதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தலையில் துண்டைப் போட்டு ஓடினோம். வண்டி கிளம்பியதும் மாமா புது ஊதுவத்தி ஏற்றினார். விட்ட இடத்திலிருந்து பாலங்களைத் தொடர்ந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் வந்தோம். பிக்குகள் வந்து ஓதினார்கள். கலயத்தைச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்தார்கள். மறுநாள் முதல் மழை விடவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. துக்க வீடு என்று நாற்றங்காலிடம் சொல்ல முடியாது. ஊரே கூடி முறை வைத்து ஒவ்வொருவர் வயலாக நட்டுக்கொண்டு வந்தோம். புவாரின் அக்காவின் வயல் முறை வந்த அன்று, வரிசையில் எனக்கு அடுத்து அவள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை சேறு. யாரோ யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். அக்கா நிமிராமலே கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு பங்குல அவர ஏறச் சொன்னது யாரு?"

"நீ சொல்லிருப்ப," என்றார் தோங்சுக் மாமா, அவரும் நிமிராமல்.

"நான் சொல்லல. ஊதுவத்தி உங்க கிட்டதான இருந்துச்சு."

"எங் கையில நூடுல்ஸ் பொட்டலம் இருந்துச்சு. காப் சொல்லிருப்பான்."

லாரிக்காரரிடம் வசவு வாங்குகிற வேலை என்னுடையதாக இருந்தது என்று நான் தெரிவித்தேன். அக்கா நிமிர்ந்தாள். தொட்டியில் குத்திய ஊதுவத்தியை எடுத்தீர்களா என்று கேட்டாள். அது எதற்கு, வண்டியில் புதிது ஏற்றினேனே என்றார் மாமா.

"எதுலேருந்து ஏத்துனீங்க?"

மாமா கையில் இருந்த நாற்றுக்கட்டைப் பார்த்தார். "லைட்டர்ல," என்றார்.

பாம்பு வந்தால்கூட நிற்காத நடவு வரிசை நின்றுவிட்டது. பழைய ஊதுவத்தியிலிருந்து புதியதைப் பற்றவைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். இறங்கச் சொல்லியிருக்கிறோம். சாப்பிடச் சொல்லியிருக்கிறோம். ஏறச் சொல்லவில்லை. அங்கிருந்து வீடு வரை மாமா அத்தனை பாலங்களையும் காலி இடத்துக்குத்தான் அறிவித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அக்கா அதற்குப் பிறகுதான் கனவைச் சொன்னாள். வந்ததிலிருந்து அதே கனவுதானாம். காம்பான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசுவதில்லை. வண்டி போகும்போதெல்லாம் எழுந்து பார்க்கிறார். பிறகு உட்கார்ந்துகொள்கிறார்.

மாமா கொஞ்சம் வாதாடினார். புகை எல்லாம் ஒன்றுதான், பிக்குவிடம் சொல்லி இங்கிருந்தே கூப்பிடலாம், வயல் பாதியில் நிற்கிறது என்றார். வயலை நாங்கள் முடிக்கிறோம், நீங்கள் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வரிசையில் இருந்த பெண்கள் சொல்லிவிட்டார்கள். சேறு கழுவாத காலோடு விகாரைக்குப் போனோம். பெரிய பிக்கு நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். எந்தப் பங்கு என்று விசாரித்தார். நாங் ரோங் தாண்டி வருகிற பங்கா, அங்கே கழிவறை சுத்தமாக இருக்கும் என்றார். பிறகு, எங்கே இறங்கினாரோ அங்கேதான் ஏற்ற வேண்டும் என்று முடித்துக்கொண்டார்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருவர், ஆவி என்பது கிராமம் தன் துக்கத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறை என்று ஒரு வகுப்பு முழுக்க விளக்கினார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அவருடைய காரில் கண்ணாடிக்குக் கீழே வரிசையாகத் தாயத்துகள் தொங்கும். அதைக் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் வண்டிக்கு டீசல் போட்டேன்.

போகும்போது முதல் பாலத்தில் தோங்சுக் மாமா பழக்க தோஷத்தில், "பாலம் வருதுடா" என்றார். "அவர் இதுல இல்ல மாமா," என்றாள் அக்கா. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் தனக்கு முதுகு வலி என்று சொல்லிப் பின்னால் தார்ப்பாயின் கீழ் போய்ப் படுத்துக்கொண்டார்.

முன்னால் நானும் அக்காவும் மட்டும். இரண்டு பக்கமும் நட்ட வயல்களும் நடாத வயல்களும் மாறி மாறி வந்தன. அக்கா வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோற்றைப் பிரித்து, உருட்டி எனக்குக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பிராசாத் ஊர் நெருங்கும்போது, "காப், ஒண்ணு சொல்றேன், மாமாகிட்ட சொல்லாத" என்றாள்.

காம்பான் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்றிருக்கிறார், வரவில்லை. நடவுக்கு வருகிறேன் என்றிருக்கிறார். கடைசியாகப் போன் செய்தபோது நடவுக்கும் முடியாது, தளம் போடுகிறார்கள் என்றிருக்கிறார். அக்கா அப்போதுதான் தனியாக நாற்றங்காலுக்கு உழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்ப வரவே வேணாம், அங்கயே கெடன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வச்சிட்டேன். அன்னிக்கு ராத்திரிதான்."

வைப்பர் இரண்டு பக்கமும் போய் வந்தது.

"நாம மறந்துட்டு வந்ததா நீங்கல்லாம் நெனைக்கிறீங்க. மாமா பாவம், தன் மேல பழி போட்டுக்கிட்டுப் பின்னால படுத்துருக்காரு. அது இல்ல. கூப்புடாம கூட ஒருத்தர் தானா ஏறிக்க மாட்டாரா? வண்டி தெரியும், நீ தெரியும், நான் தெரியும். அவர் நான் சொன்னத வச்சுக்கிட்டு நிக்கிறார்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்படித் தெரியாத நேரங்களில் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன்.

"அப்படி நீங்க சொல்ற பேச்சக் கேக்குற ஆளாக்கா அவரு?"

அக்கா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "கேக்க மாட்டார்," என்றாள். உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பாக வருவதற்குள் போய்விட்டது.

"இந்த ஒரு தடவ கேட்டுட்டார்னா?" என்றாள்.

நான் முன்னால் போன லாரி ஒன்றை முந்தினேன்.

பங்கில் அன்று மழை இல்லை. நூடுல்ஸ் கடைக்காரம்மா பெயர் சம்ருவாய் என்று பிறகு தெரிந்தது. ரோய் எட் பக்கத்துக்காரர், அகலமான ஆள், எங்கள் பேச்சையே பேசுகிறவர். எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா? ஏம்ப்பா, குடைய விட்டுட்டுப் போனாக்கூட பாதி வழியில நெனப்பு வரும். ஆள விட்டுட்டா போவீங்க?"

தோங்சுக் மாமா கைகூப்பிக்கொண்டு நின்றார். அவ்வளவு உயரமான மனிதர் அவ்வளவு சிறியதாக நின்று நான் பார்த்ததில்லை.

அன்று நாங்கள் ஓடிய பிறகு மேஜையைத் துடைக்க வந்த சம்ருவாய் அக்கா, தொட்டியில் ஊதுவத்தியையும் தொடாத கிண்ணத்தையும் பார்த்திருக்கிறார். பார்த்ததும் விளங்கிவிட்டதாம். ஊதுவத்தி முடிகிற சமயம் அதிலிருந்தே இன்னொன்றைப் பற்றவைத்திருக்கிறார். பங்கின் ஓரத்தில் இருக்கிற காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்குப் போய், இது நம் பக்கத்து மனிதர், வீட்டார் வருகிற வரைக்கும் இங்கே இருப்பார், விரட்ட வேண்டாம் என்று படையலாகச் சிவப்பு சோடா வைத்து அனுமதி வாங்கியிருக்கிறார். அன்று முதல் காலையில் அடுப்பு பற்றவைத்ததும் முதல் கிண்ணம் அந்த மேஜைக்குத்தான். வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவிடவில்லை. ஒரு போலீஸ்காரர் உட்காரப் போனபோதுகூட, ஆள் இருக்கிறார் என்று எழுப்பிவிட்டிருக்கிறார்.

"ஒரு தொந்தரவில்ல. எங்கூட்டு ஆளவிட நல்ல மாதிரி," என்றார். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் வீட்டு ஆள் தலையை நிமிர்த்திவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

புவாரின் அக்கா அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தின் மேல் தட்டு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். ஊதுவத்தி பாதி எரிந்து சாம்பல் விழாமல் வளைந்து நின்றது. அவள் போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"மொளகா போட்டிருக்கீங்களா?"

"நல்லாப் போட்டிருக்கேன். நம்ம ஊரு ஆளாச்சே."

"அவருக்கு காரம் ஆகாது," என்றாள் அக்கா. "சின்ன வயசுலேருந்தே. வெளிய சொல்ல மாட்டார். குடுத்தா சாப்டுருவார், அப்புறம் தண்ணியா குடிப்பார்."

சம்ருவாய் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, இத்தன நாளா மனுஷன் பேசாமத் தின்னாரே," என்றார். "அதான் தண்ணி சீக்கிரம் கொறையுதோன்னு பாத்தேன்." வெயிலில் தண்ணீர் வற்றும் என்பதை நான் படித்திருக்கிறேன். சொல்லவில்லை. சம்ருவாய் அக்கா போய், காரம் இல்லாமல் ஒரு கிண்ணம் புதிதாகப் போட்டுக் கொண்டு வந்து வைத்தார். கொத்தமல்லி கூடுதலாகத் தூவியிருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம். தோங்சுக் மாமா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், சாப்பிடுகிறவரை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்பதைப் போல.

பிறகு மாமா எரிகிற ஊதுவத்தியிலிருந்து புதியதைப் பற்றவைத்தார். மிகக் கவனமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். பற்றியதும் தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தவர், நிறுத்திவிட்டு, அதை அக்காவிடம் நீட்டினார்.

"நீ கூப்புடு," என்றார். "நான் கூப்ட்டா எங்க வேணா வருவான். அவன் வர வேண்டியது ஒன் வீட்டுக்கு." அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது. பிக்கப்பின் பின்கண்ணாடி கொஞ்சம் உடைந்திருக்கும். பேசுவது பின்னால் கேட்கும்.

அக்கா ஊதுவத்தியை வாங்கிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் நின்றாள். பம்பில் ஒரு பள்ளிக்கூட வேன் டீசல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் சத்தமாகப் பேசவில்லை. அக்கம்பக்கத்தார் கேட்டுவிடக் கூடாதென்று வீட்டுக்குள் பேசுவதைப் போலப் பேசினாள்.

"வராதன்னு சொன்னது கோவத்துல சொன்னது. ஒழுதுட்டு வந்து உக்காந்திருந்தேன், இடுப்பு விட்டுப் போயிருந்துச்சு. நீ ஒரு வார்த்த, கஷ்டமா இருக்கான்னு கேட்டிருக்கலாம். கேக்கல. சரி, அது கெடக்கட்டும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாத்து முத்திப் போச்சு. பாதி வயல் நட்டாச்சு, மீதிய அவங்க இன்னிக்கு நட்டுருவாங்க. வந்து பாரு. நீ எங்கயும் கெடக்க வேணாம். வீட்டுக்கு வா."

ஊதுவத்தியோடு வண்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஏறு," என்றாள்.

தோங்சுக் மாமா ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா முதலில் ஏறாமல் ஓரமாக நின்றாள். ஒரு ஆள் ஏறி உள்ளே தள்ளி உட்காரும் நேரம். பிறகு அவள் ஏறினாள். சன்னலோரமாக, இடம் விட்டு. மாமா கதவை அடிக்காமல் மெல்ல அழுத்திச் சாத்தினார். சம்ருவாய் அக்கா ஒரு பொட்டலத்தைச் சன்னல் வழியாகத் திணித்தார். காரம் தனியாக இருக்கிறது என்றார். வண்டி நகர்ந்தபோது அந்த நாற்காலியை அவரே எடுத்து மேஜைக்குள் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது என்று உள்ளே இருக்கிறவரைக் கடிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் பாலங்களை அக்காதான் சொன்னாள். தோங்சுக் மாமாவைப் போல விரிவாக இல்லை. "பாலம்." "வளைவு." இடையில் வேறு செய்திகள். வாத்து முட்டையிடுவது நின்றுவிட்டது. தோங்சுக் மாமாவின் மகனுக்குச் சுரினில் பெண் பார்க்கிறார்கள், அந்தப் பெண் ஒத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம். மேற்கு வரப்பு மழையில் உடைந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் போய்விட்டது, சண்டை வந்தது, சமாதானமும் ஆகிவிட்டது. பிராசாத் தாண்டியதும் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தானும் சாப்பிட்டாள். நான் கியர் மாற்றும்போதெல்லாம் நடு இருக்கையில் முழங்கை படாமல் ஒதுக்கிக்கொண்டதை, ஊர் எல்லை வந்த பிறகுதான் கவனித்தேன். நான் எதையும் நம்பினேன் என்று சொல்லவில்லை. இடம் நெருக்கமாக இருந்தது.

வெளிச்சம் போவதற்குள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். நடவு முடித்தவர்கள் அப்போதுதான் வயலிலிருந்து வந்து கிணற்றடியில் நின்றிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வண்டிக்கும் படிக்கும் நடுவே மட்டும் ஒதுங்கி வழி விட்டார்கள். அக்கா ஊதுவத்தியோடு இறங்கினாள். "வீடு வந்துருச்சு," என்றாள். மரத்தூண்களின் மேல் உயரமாக நிற்கிற அந்த வீட்டின் படிக்கட்டை நோக்கி நடந்தாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். வீட்டுத் தெய்வத்திடம் சொல்ல வேண்டிய சொற்களை அவர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

அக்கா படிக்கட்டின் அடியில் நின்றாள். ஏறவில்லை. அங்கே இருந்த ஜாடியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் கல்லின் மேல் மெல்ல ஊற்றினாள்.

"காலக் கழுவிட்டு ஏறு," என்றாள்.

கல்லில் விழுந்த தண்ணீர் சிமெண்டு நிறத்தில் ஓடியதா, சேற்று நிறத்தில் ஓடியதா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. எல்லாரும் காத்திருந்தோம். அவள் இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினாள்.

"குதிகாலையும்," என்றாள்.

ஒரு மனிதன் இரண்டு கால்களையும் சரியாகக் கழுவுவதற்கு ஆகிற நேரம் வரைக்கும் நின்றாள். பிறகு ஓரமாக ஒதுங்கி, அவரை முன்னால் விட்டு, பின்னால் ஏறிப் போனாள்.